பூநாரைக்குச் சிலை உண்டு, குளம்தான் சிக்கல்

பூநாரை பார்க்க நவி மும்பை போயிருந்தேன். ஐரோலி ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோக்காரர் கேட்டது 200 ரூபாய். மீட்டரைக் காட்டினேன், அது ஓடாதாம். பேரம் பேசியும் பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. மதியச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போயிற்று.

படகு டிக்கெட்டும் மலிவில்லை. ஆனாலும் கொடுக்கலாம்! கோடியக்கரையில் தொலைநோக்கி வழியே புள்ளிகளாகப் பார்த்த பூநாரைகள், மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்தில் அலகைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டுவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. ஆயிரக்கணக்கில்! பின்னால் அடுக்குமாடிகள், மின்கோபுரங்கள். என்ன ஊர் இது!

இந்தக் கழிமுகம் 2015இல் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பிறகென்ன கவலை என்றுதான் நினைத்தேன். நவி மும்பையின் இன்னொரு பகுதியான நெரூலில் சைக்கிளில் இட்லி விற்கும் சங்கரன்கோவில்காரர் அந்த நினைப்பைக் கலைத்தார். (இட்லி பஞ்சு, தேங்காய்ச் சட்னியில் காரம் நம்மூர் அளவு, ஒரு தட்டு 30 ரூபாய். அன்று நான் கொடுத்த காசில் இதுதான் நியாயமானது.)

“கடல் ஓதம் ஏறினால் கழிமுகத்தில் சேறு முழுகிவிடும், தம்பி. நிற்க இடமில்லாமல் இந்தக் குளங்களுக்குத்தான் வரும்” என்றார்.

“இதுவும் சரணாலயத்துக்குள்தானே, அண்ணாச்சி?”

“இல்லையே.”

அங்கேதான் வம்பு. நெரூலில் ஒரு சதுப்பில் கோல்ஃப் மைதானம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. அங்கேயே டி.பி.எஸ். பள்ளியை ஒட்டிய சுமார் 30 ஏக்கர் டி.பி.எஸ். ஏரியில் கடல்நீர் வரும் வழி அடைபட்டு, 2024இல் பறவைகள் செத்தன. அதைக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்ததே 2025இல்தான். அதே ஆண்டில் நவி மும்பை விமான நிலையமும் திறந்தாயிற்று. 2024 மே மாதம் மும்பையின் காட்கோபரில் விமானம் மோதி 39 பூநாரைகள் விழுந்ததை இவ்வளவு சீக்கிரமா மறப்பது?

இந்த அழகில் நவி மும்பை தன்னை ‘ஃபிளமிங்கோ நகரம்’ என்கிறது. சாலைச் சந்திப்புகளில் பூநாரைச் சிலைகள், சுவரெல்லாம் ஓவியங்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாப்பிடும் கூடத்தை விட்டுவைத்து, படுக்கும் அறையை வீட்டுமனை போட்டால் எந்தப் பறவை தங்கும்?

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் மே வரை போகலாம். படகு நேரம் ஓதத்தைப் பொறுத்துத் தினமும் மாறும், முன்பதிவு செய்யுங்கள். காசில்லாதவர்கள் நேரே நெரூல் போங்கள். ஓதம் ஏறும் வேளையில் ஏரிக்கரையில் நின்றால் போதும், டிக்கெட் கிடையாது. ஆட்டோ ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள்.