மூணு மணிக் கூட்டம்

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. வாசலில் இத்தனை அப்பாக்களை வருஷத்தில் இந்த ஒரு சமயத்தில்தான் பார்க்கலாம். சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் வேலை பார்க்கும் எந்த டீச்சருக்கும் காரணம் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அதில் தனிப் பெருமை. "மிஸ், எங்கப்பா" என்று மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி ஓர் ஆளை இழுத்துவந்து நிறுத்தினாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எப்டி படிக்கிது?" என்று கேட்டார். போன வருஷமும் என்னிடம் இருந்த பிள்ளைதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், ராத்திரி கொஞ்ச நேரம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். தலையாட்டினார். இன்னும் பத்து பன்னிரண்டு நாள் கேட்பார்.

ஜூன் 6, வெள்ளி

மதியம் டீச்சர்கள் அறையில் பெரிய விவாதம். நாலாம் வகுப்பு டீச்சர் ஒரு படிவம் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். பெற்றோர் உறுதிமொழியாம். தினமும் டைரியில் கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கூட்டத்துக்கு வர வேண்டும், இரண்டு முறை வராவிட்டால் பெற்றோர் வரும்வரை பிள்ளையை வகுப்பில் உட்காரவிடக் கூடாது.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. புத்தகம், சீருடை, பை எல்லாம் அரசு கொடுக்கிறது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து இட்லிக் கவலையும் இல்லை. "சோறும் போட்டு, பாடமும் நாமே சொல்லிக்கொடுத்தா அவங்களுக்கு என்னதான் வேலை?" என்கிறார். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போகும் அம்மாவின் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து பதினோரு மணிக்கு மயங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அது இல்லை. அதற்காக யாருடைய பொறுப்பும் குறைந்துவிடவில்லை, பொறுப்பைச் செய்ய ஒரு தடை குறைந்திருக்கிறது.

மூன்றாவது நிபந்தனையைத் தலைமையாசிரியர், எங்கள் எச்.எம்.மே அடித்துவிட்டார். கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் அதை அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளிலும் சேர்த்தது. ஆனால் தவறினால் இன்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் இல்லை. பெற்றோர் வரவில்லை என்று பிள்ளையை வெளியே நிறுத்தினால், சட்டப்படி கேள்வி நம்மைப் பார்த்துத்தான் வரும். மற்ற இரண்டு நிபந்தனைகளோடு படிவம் ஜெராக்ஸுக்குப் போனது.

ஜூன் 16, திங்கள்

14ஆம் தேதி நள்ளிரவோடு தடை முடிந்தது. இன்று வாசலில் ஆயாக்களும் அக்காக்களும் மட்டும். தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போனவர்கள் திரும்ப ஒரு வாரமாவது ஆகும்.

ஜூன் 21, சனி

லண்டனில் இருக்கும் சித்தி மகள் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு அங்கே இன்னும் பள்ளி நடக்கிறது, விடுமுறை ஜூலைக் கடைசியில்தான். அனுமதியில்லாமல் ஐந்து நாள் மட்டம் போட்டால் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. போன ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுக்க இதே கணக்கு. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், ஆக 320.

"கட்டிடுவேன்க்கா. ஸ்கூல் லீவுல டிக்கெட் விலை அதைவிட ஜாஸ்தி" என்று சிரிக்கிறாள்.

நாலாம் வகுப்பு டீச்சரிடம் இதைச் சொன்னால் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். எனக்கு இரண்டாம் பாதிதான் மனதில் நின்றது. அபராதம் போட்டால், கட்ட முடிந்தவருக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். கட்ட முடியாதவர் என்ன செய்வார்? பள்ளிப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

ஜூன் 27, வெள்ளி

கூட்டம் மூணு மணிக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் குழுவிலும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. வந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாம். மின்விசிறி, கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர் என்று தீர்மானம் எழுதி, பள்ளிக்கல்வித் துறையின் பேரன்ட்ஸ் செயலியில் ஏற்றினோம். வராதவர்களின் பட்டியலை நாலாம் வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் எழுதினார்.

குழுவின் தலைவி, ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா, பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதுல முக்காவாசி இப்ப தூங்கினு இருக்கும் மிஸ். ராத்திரி மூணு மணிக்கு மீன் ஏலம். நீங்க பகல் மூணு மணிக்கு கூப்டுறீங்க."

யாரும் இதுவரை இதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்திருப்பார்கள். ஆனால் நாலரைக்கு மேல் பள்ளியில் இருக்க எங்களில் பலருக்கு விருப்பமில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 9, புதன்

டைரிக் கையெழுத்துகள் அமோகம். என் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லா டைரியிலும் தினமும் கையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாருடைய டைரியிலும் ஏழாம் வகுப்பு அக்காவின் கை. ஒரு பையன் தானே போட்டிருக்கிறான். அப்பா பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இன்னும் முதல் படியான 'அரும்பு' நிலையில் இருக்கும் பையன். இதற்குத் திட்டுவதா, அடுத்த படியான 'மொட்டு'க்கு ஏற்றுவதா?

ஜூலை 13, ஞாயிறு

மீன் வாங்கக் காசிமேடு. அந்தப் பையனின் அம்மா அங்கே கடை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வஞ்சிரம் கிலோ 900 என்று அவர் சொன்னதும் எதிரே நின்ற ஆள் முக்கால் கிலோ கேட்க, தராசு நிற்பதற்குள் "அறுநூத்தி எழுவத்தஞ்சு" என்றார் அந்த அம்மா.

கூட்டம் குறைந்ததும் பேசினோம். "எனக்குப் படிக்கத் தெரியாதே மிஸ். டைரிய காட்னா இன்னான்னு பாக்குறது?" என்றார்.

பார்க்க வேண்டாம், கேளுங்கள் என்றேன். சாயங்காலம் எழுந்ததும் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவன் தடுமாறுவது உங்களுக்கே காதில் கேட்கும், எங்கே தடுமாறினான் என்று மறுநாள் அவனே என்னிடம் சொல்லட்டும். கணக்கை நீங்களே சொல்லிக்கொடுக்கலாம், என்னைவிட வேகமாகப் போடுகிறீர்கள். அவர் நம்பவில்லை. "நீங்க வேற மிஸ்" என்று, நான் கேட்காமலேயே கூறில் இன்னும் இரண்டு சங்கராவைப் போட்டார். காசு வாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிவரை தெர்மாகோல் வெட்டினார். மகள் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, நாளைக்குத் துறைமுக மாதிரி கொண்டுபோக வேண்டும். மகள் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டாள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இது வீட்டுப்பாடம் இல்லை, ப்ராஜெக்ட்! அந்தப் பள்ளியின் படிவத்தில் இவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். எங்கள் படிவத்தில் மீன்கார அம்மாவுக்குப் பூஜ்யம்.

ஜூலை 23, புதன்

இந்த மாதக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை வைத்தால் ஆடி வெள்ளி, கோயிலை விட்டு யாரும் வர மாட்டார்கள் என்று தலைவி சொன்னதால் இன்று, ஐந்தரை மணிக்கு. எச்.எம். ஒரே ஒருமுறை என்று ஒத்துக்கொண்டார். தூங்கி எழுந்த முகங்களோடு அம்மாக்கள் வந்தார்கள். பெஞ்சு பற்றவில்லை.

கையெழுத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி: பிள்ளை படிப்பதை இந்த வாரம் எத்தனை நாள் கேட்டீர்கள்? சும்மா சொல்வார்கள் என்றார் நாலாம் வகுப்பு டீச்சர். சொல்லட்டும், பிள்ளையையும் கேட்போம்.

கடைசியில் ஒரு சங்கடம். ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவர், சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிடுபவர், "அதெல்லாம் டீச்சர் வேல" என்றார். இவருக்கு ஏலமும் இல்லை, கடலும் இல்லை. வாய்ப்பில்லாதவருக்காக நான் பரிந்து பேசுவேன், இவருக்காகப் பேச மாட்டேன். நான் வாய் திறப்பதற்குள் தலைவி எழுந்தார். "ஆறு மணிக்கு மேல எங்க குந்தினு இருக்கன்னு எனக்குத் தெரியும். தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் புள்ள படிக்கிறத கேக்க நேரமில்லையா உனக்கு?"

நான் சொல்லியிருந்தால் மறுநாள் சண்டைக்கு வந்திருப்பார். அந்த அம்மா சொன்னதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜூலை 31, வியாழன்

ஆட்டோக்காரரின் மகளிடம் கேட்டேன். "ரெண்டு நாள் கேட்டாரு மிஸ். மூணாவது நாள் தூங்கிட்டாரு." தலைவியிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டமும் ஐந்தரைக்கா என்று எச்.எம்.மிடம் கேட்டேன். தீர்மானம் ஏற்ற லேட்டாகிறது, வாட்ச்மேனுக்கு யார் பதில் சொல்வது என்றார். வாசல் கேட் சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். யோசிக்கிறாராம்.