விலை உயர்ந்த பையும் நனைந்த சுள்ளியும்

மழை விட்டும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கூட வந்த நண்பர் புத்தம்புது ஃபெரோ ராடை, அதாவது உரசினால் தீப்பொறி கொட்டும் உலோகக் குச்சியை, எடுத்து உரசுகிறார். பொறி பூவாய்க் கொட்டுகிறது. ஏறக்குறைய 3000 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பொறி அது. ஆனால் அவர் குவித்து வைத்திருந்ததோ தரையில் கிடந்த சுள்ளி. ஊறிப்போன சுள்ளியிடம் எத்தனை டிகிரி காட்டி என்ன பயன்?

வழிகாட்ட வந்த அண்ணன் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். கீழே குனியவே இல்லை. மரத்திலேயே காய்ந்து நின்ற மெல்லிய கிளைகளை ஒடித்தார். படக்கென்று முறிந்தால் பைக்குள், வளைந்தால் தூர. பிறகு மணிக்கட்டுப் பருமனில் ஒரு பட்ட கிளையை எடுத்து, அதன்மேல் கத்தியை வைத்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளந்தார். மேலே பட்டை ஈரம். உள்ளே உலர்ந்த மரம். அதைச் சீவி, சுருள் சுருளாகச் சிராய்கள் கட்டையிலேயே தொங்கும்படி விட்டார். ஈரத்தரை சூட்டை உறிஞ்சாமலிருக்க அடியில் இரண்டு கட்டைகள்.

“பொடிசுல ஆரம்பிங்க தம்பி. பெரிய கட்டையை நெருப்பே கேக்கும்” என்றார். பற்றவைத்தது அதே ஃபெரோ ராடால்தான்.

அதனால் நல்ல சாமான் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பட்டறிவு உள்ளவருக்குத்தான் எதில் சிரத்தை காட்ட வேண்டும் என்பது தெரியும். நார்வேக்காரர் அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போகும் முன்பே, 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் என்னும் இன்யூட் பழங்குடி மக்களோடு பழகி, தோலாடை அணிவதையும் நாய்வண்டி ஓட்டுவதையும் கற்றுக்கொண்டவர். அதே துருவத்துக்குப் போட்டியாகப் போன ஆங்கிலேயர் ஸ்காட் மோட்டார் வண்டிகளைக் கொண்டுபோனார். ஒன்று இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போனது, மற்ற இரண்டும் வழியில் பழுதாகி நின்றன. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அடுப்புக்கான எண்ணெய்த் தகரங்கள்தான். ஸ்காட்டின் தகரங்களில் மூடியின் தோல் வாஷர் வழியே எண்ணெய் கசிந்து குறைந்தது. அமுண்ட்சென் தன் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார். 1911 டிசம்பர் 14-ல் துருவத்தை எட்டியவர் அவர்.

நான் கை நடுங்காமல் செலவழிப்பது கீழே விரிக்கும் பாய்க்கு. ஸ்லீப்பிங் பேக் எத்தனை உசத்தியானாலும், உடம்பு அழுத்தும் பக்கத்தில் அதன் இறகு நசுங்கிவிடும். காற்று நிற்க இடமில்லை என்றால் கதகதப்பும் இல்லை. குளிர் ஏறுவது தரையிலிருந்து. பாய் போதாத இரவில் காலியான முதுகுப் பை, கயிறு, உலர்ந்த துணி எல்லாம் முதுகுக்கு அடியில் போகும்.

மழை ஜாக்கெட் கதை வேறு. வியர்வையை வெளியே விடும் என்று விற்கும் துணி, மேல்புறம் அழுக்கேறி நீர் உருளாமல் ஊறத் தொடங்கிவிட்டால், அதைச் சரியாகச் செய்யாது. மழையில் நனையாதவர் வியர்வையில் நனைவார். நின்றதும் அந்த ஈரம்தான் உடம்பை நடுக்கும். ஜாக்கெட்டைத் துவைத்து, நீர் ஒட்டாத பூச்சை மீண்டும் ஏற்றிப் பராமரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்றம் தொடங்கும் முன்பே உள்ளாடைக்கு மேலுள்ள ஓர் அடுக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறேன். முதல் பத்து நிமிடம் குளிரும். குளிரட்டும்.