அம்மாவுக்கு ரேகை விழல – ஆதார் சென்டர்ல ஆரம்பிச்சு ஏர்போர்ட் வரைக்கும்

தங்கச்சி மும்பைல இருக்கா, அவளுக்கு ரெண்டாவது பிரசவம், அம்மாவால ட்ரெயின்ல அவ்வளவு தூரம் உக்காந்து போக முடியாது, இடுப்பு தாங்காதுன்னு பிளைட் டிக்கெட் போட்டேன். டிக்கெட் போட அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா அம்மாவை பிளைட்ல ஏத்துறதுக்குள்ள ஒன்றரை மாசம் அலைஞ்சோம். கடல் வேலை பாக்குற அம்மா அப்பா இருக்கிற யாருக்காவது உதவும்னு நடந்ததை நடந்தபடியே எழுதுறேன்.

நாங்க பாம்பன் பக்கம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல பாசி எடுக்குறவங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கடலுக்குள்ள மூச்சுப் பிடிச்சு மூழ்கி, பாறைல ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியக் கையாலயே பிச்சு எடுத்து இடுப்புல கட்டியிருக்கிற பையில போடணும். அகர் அகர்னு கடைல விக்கிறாங்கல்ல, கடல்பாசி, அது இந்த மாதிரி பாசியிலருந்துதான் வருது. மாசத்துல 12 நாள்தான் போறது, பாசி திரும்ப வளரணும்னு பொம்பளைகளே பேசி வச்சுக்கிட்ட கணக்கு அது. பாறை ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அதனால விரலுக்கு விரல் துணியச் சுத்திக்கிட்டுத்தான் இறங்குவாங்க, துணி கிழிஞ்சா அடுத்து கிழியிறது தோல்தான். அம்மா கையப் பிடிச்சுப் பாத்தா பத்து விரல் நுனியும் தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு இருக்கும், குறுக்க குறுக்க வெள்ளைக் கோடா பழைய கீறல். ரேகைன்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல.

ரேஷன் கடைல இந்தப் பிரச்சனை ரொம்ப நாளா இருக்கு. அந்த சின்ன மெஷின்ல அம்மா விரலை வச்சா சிவப்பு லைட்டுதான், அதனால நானோ தம்பியோ கூடப் போயி எங்க ரேகைய வச்சு வாங்கிருவோம். அப்படியே ஓட்டிட்டோம், பெருசா நினைக்கல.

இப்ப பிளைட்டுக்கு ஐடி வேணும்ல. அம்மாவோட ஆதார் கார்டு கிழிஞ்சு போட்டோவே தெரியாம இருந்துச்சு, சரி ஆன்லைன்ல எடுத்துக்கலாம்னு பாத்தா ஓடிபி போறது அப்பாவோட பழைய நம்பருக்கு, அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு, அந்த சிம் இப்ப யாருகிட்ட இருக்கோ. நம்பர் மாத்தணும்னா நேர்ல போயி பயோமெட்ரிக் வைக்கணும்னு அப்ப இருந்துச்சு. போனோம். அந்த சென்டர் பேரு வேணாம். அங்க இருந்த பையன் அம்மாவோட விரலை ஒவ்வொண்ணா அழுத்தி அழுத்திப் பாத்தான், விழல, "எண்ணெய் தேய்ச்சுட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பிட்டான். அம்மா மூணு நாள் கடலுக்குப் போகாம வாசல்ல உக்காந்து விரல்ல தேங்காயெண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. மறுபடி போனோம், விழல, "எலுமிச்சம்பழம் போட்டு நல்லாக் கழுவிட்டு வாங்க"ன்னான். பின்னாடி நின்ன ஒருத்தர் "இந்தம்மாவுக்கு கையே வேலை செய்யலையா"ன்னு கேட்டாரு. வெளிய வந்ததும் அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "ஏத்தா, நான் என்ன தப்பு பண்ணேன், கை தேஞ்சு போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண?"

அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். ஆதார் எடுக்கும்போது பத்து விரல் ரேகை மட்டும் இல்ல, ரெண்டு கருவிழியும் மூஞ்சியும் சேத்துத்தான் பதியுறாங்க. ரேகை விழலைன்னா கண்ண வச்சுப் பாக்கலாம். 1947க்கு போன் போட்டேன், தமிழ்லயே பேசுனாங்க, கருவிழி வச்சுப் பண்ணலாம்னு உறுதியாச் சொன்னாங்க. அடுத்த நாள் வேற சென்டருக்குப் போனோம், அங்க ஒரு அக்கா இருந்தாங்க, நான் சொல்றதுக்கு முன்னாடியே அம்மா கையப் பாத்துட்டு, "கடல் வேலையாம்மா, விரல விடுங்க, கண்ண வைங்க"ன்னு பைனாகுலர் மாதிரி இருந்த கருவிய எடுத்து நீட்டுனாங்க. ரெண்டு செகண்டுல முடிஞ்சிருச்சு. ஒரு மாசம் அலைஞ்சதுக்கு ரெண்டு செகண்டு! முதல் சென்டர்லயும் அதே கருவி மேசைல இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். டெக்னாலஜி மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. வேற வழி இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம ஒரு வயசானவங்களை குற்றவாளி மாதிரி எண்ணெய் தேய்க்க வச்சாங்கல்ல, அதுதான் தாங்கல.

இன்னொண்ணு, இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சது, உள்நாட்டு பிளைட்டுக்கு வோட்டர் ஐடி காட்டுனாலே போதும், ஒரிஜினலா இருக்கணும், டிக்கெட்ல இருக்கிற பேரும் அதுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். ஆதார்தான் வேணும்னு நானே நினைச்சுக்கிட்டேன், கேட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா ஆதார்ல இறந்தவங்க நம்பர் இருக்குன்னா அதை மாத்துறது எப்படியும் நல்லதுதான், வேற யாருக்காவது அந்த நம்பர் போயிருந்தா ஓடிபி அவங்களுக்குப் போகும்.

அடுத்து ஜெராக்ஸ் கடை. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் படிங்க. ஆதார் பிடிஎஃப்ப பிரின்ட் எடுக்கப் போனேன், "வாட்ஸ்அப்ல அனுப்புங்க"ன்னாங்க. அந்தக் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன எட்டிப் பாத்தா டவுன்லோட் போல்டர்ல எங்க ஊர்க்காரங்க ஆதார் வரிசையா இருக்கு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு பொண்ணோட டென்த் மார்க்‌ஷீட், யாரோட ஸ்கேன் ரிப்போர்ட்டோ, எல்லாம். பாஸ்வேர்டு இருக்கேன்னு நினைக்காதீங்க, அந்த பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும், பேரும் வயசும் தெரிஞ்ச யாரும் திறந்துரலாம், எங்க ஊர்ல எல்லாருக்கும் எல்லார் பேரும் வயசும் தெரியும். கடைக்காரர் நல்ல மனுஷன்தான், அவர் திருடுவாருன்னு சொல்லல, ஆனா அந்தக் கடைக்கு நாள் பூரா யார் யாரோ வர்றாங்க, பென்டிரைவ் சொருகுறாங்க. நான் அண்ணேன்னு கூப்பிட்டு, என் கண்ணு முன்னாடியே டெலீட் பண்ணச் சொன்னேன், ரீசைக்கிள் பின்லருந்தும் எடுக்கச் சொன்னேன், வாட்ஸ்அப்ல நான் அனுப்புனதையும் எல்லாருக்கும் அழியிற மாதிரி அழிச்சேன். அவரு முகம் சுளிக்கல, "யாரும் கேக்க மாட்டாங்கத்தா, கேட்டா செஞ்சிருவேன்"னாரு. அதுலருந்து நான் மாஸ்க்டு ஆதார்தான் எடுக்குறேன், அதுல முதல் எட்டு நம்பர் மறைஞ்சிருக்கும், கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும், டவுன்லோட் பண்ற அதே இடத்துலயே கேக்கும், ஒரு டிக் போட்டா போதும்.

பயோமெட்ரிக் லாக்னும் ஒண்ணு இருக்கு, நல்ல வசதி, நம்ம ரேகைய வேற யாரும் எங்கயும் பயன்படுத்த முடியாது. ஆனா ரேஷன்ல ரேகை வைக்கிறவங்க லாக் பண்ணா, போறதுக்கு முன்னாடி திறந்துட்டுத்தான் போகணும், இல்லன்னா வரிசைல நின்னு திரும்பி வரணும்.

பேக்கிங் பத்தி வேகமாச் சொல்லிர்றேன். நெத்திலிக் கருவாடு, முண்டு மிளகா, கருப்பட்டி, கீழக்கரைலருந்து வாங்குன தொதல்ங்கிற இனிப்பு எல்லாம் செக்-இன் பெட்டிக்குள்ள, கருவாட்ட மூணு கவர் போட்டு டேப் சுத்துனேன். கொப்பரை எடுத்துட்டுப் போகக் கூடாது, அதுல எண்ணெய் இருக்கு, தீப்பிடிக்கிற சாமான் கணக்குல வரும், அம்மா ஆசையா எடுத்து வச்சதை வீட்லயே வச்சுட்டு வந்தோம். பவர் பேங்க் வேற மாதிரி, பெட்டிக்குள்ள போடக் கூடாது, கையோடதான் வச்சிருக்கணும், ஏன்னா லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா சீட்டுக்கிட்ட இருந்தா அணைக்கலாம், அடில லக்கேஜ் அறைல யாரு பாக்குறது.

எந்த ஏர்போர்ட்டுன்னு சொல்லல, எங்க ஊர்லருந்து மதுரை, திருச்சி, தூத்துக்குடி, சென்னைன்னு எதுக்கு வேணாலும் போகலாம். வாசல்கிட்ட போனதுமே டேப்லெட்ட வச்சுக்கிட்டு ஒரு பையன் வந்தான். அம்மா கைல இருந்த போர்டிங் பாஸ வாங்குனான், "அம்மா இங்க பாருங்க"ன்னான், அம்மா போட்டோ எடுக்குறாங்கன்னு நினைச்சு முந்தானைய சரி பண்ணிக்கிட்டு நேரா நின்னாங்க. நான் பெட்டி தள்ளிக்கிட்டு பின்னாடி வர்றேன். "என்ன தம்பி இது"ன்னேன். "டிஜி யாத்ரா மேடம், எல்லாரும் பண்ணணும்"னான். எல்லாரும் பண்ணணும்ங்கிறது பொய்.

டிஜி யாத்ரா 2022 டிசம்பர்ல டெல்லி, பெங்களூரு, வாரணாசில ஆரம்பிச்சது, மூஞ்சிய கேமராவுல காட்டுனா கதவு திறக்கும், கார்டு காட்ட வேணாம். விருப்பம் இருக்கிறவங்க பண்ணலாம்னுதான் அரசாங்கமே சொல்லியிருக்கு, கட்டாயம் இல்ல. ஏர்போர்ட்டுக்கு நாம குடுக்குற விவரம் பிளைட் கிளம்பி 24 மணி நேரத்துல அழிஞ்சிரும்னும் சொல்றாங்க. இதை நடத்துற அமைப்புல ஏர்போர்ட் அத்தாரிட்டிக்கு 26 சதம், மீதி 74 சதம் அஞ்சு பெரிய ஏர்போர்ட் கம்பெனிங்ககிட்ட. திட்டத்துல விருப்பம்னுதான் எழுதியிருக்கு, ஆனா வாசல்ல நிக்கிறவன் வாயில அது கட்டாயமா மாறிருது. எத்தனை பேரைச் சேத்தான்னு கணக்குக் காட்டணுமோ என்னமோ, அந்தப் பையன் மேலயும் முழுப் பழியப் போட மனசு வரல. நான் அம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, வாசல்ல துப்பாக்கியோட நின்ன சிஐஎஸ்எஃப் காரர்கிட்டயே போயி கேட்டேன், கட்டாயமா சார்னு. அவரு வோட்டர் ஐடிய வாங்கிப் பாத்து, அம்மா மூஞ்சியப் பாத்து, "நோ நோ, அந்த லைன்ல போங்க"ன்னு கை காட்டிட்டாரு. பத்து பேரு நின்னாங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

உள்ள போயி உக்காந்தப்புறம் அம்மா கேட்டாங்க, எதுக்கு அவன்கிட்ட சண்டை போட்டேன்னு. நான் சொன்னேன், 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட ஒன்பது நீதிபதிங்க ஒண்ணா உக்காந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொல்லியிருக்காங்க, அப்புறம் 2023ல சட்டமும் வந்திருக்கு, நம்ம விவரத்தை வாங்குறவங்க எதுக்குன்னு சொல்லி சம்மதம் வாங்கணும், அந்த அறிவிப்ப தமிழ்லயே கேட்டு வாங்கலாம்னு அதுல இருக்கு, படிப்படியாத்தான் நடைமுறைக்கு வருது, ஆனா எழுதியிருக்கு. அம்மா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "கடலுக்குப் போக டோக்கன் குடுத்தாக, அரிசிக்கு ரேகை கேட்டாக, குடுத்தோம், எதுக்குன்னு தெரிஞ்சு குடுத்தோம். இவன் எதுக்குன்னே சொல்லலையேத்தா"ன்னாங்க. நான் இவ்வளவு நேரம் சட்டம் பேசுனதை அம்மா ஒரு வரில சொல்லிட்டாங்க.

செக்யூரிட்டி செக்கிங்ல கெடுபிடி இருந்துச்சு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. 1999 கடைசில காந்தகாருக்கு விமானத்தைக் கடத்திட்டுப் போனதுக்கு அப்புறம்தான் ஏர்போர்ட் பாதுகாப்பு சிஐஎஸ்எஃப் கைக்கு வந்துச்சு, அவங்க ஒவ்வொரு பையையும் பாக்கட்டும், பாக்கணும். அம்மாவோட சுருக்குப்பை டிரேல உள்ள போனதும் மெஷின் நின்னுருச்சு. உள்ள என்னன்னு பாத்தா பாக்குவெட்டி! அம்மாச்சியோட பித்தளைப் பிடி போட்ட பாக்குவெட்டி, அம்மாவுக்குக் கல்யாணத்துல குடுத்தது. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, பிடுங்கித் தொட்டில போட்டுருவாங்கன்னு. ஆனா அந்த சிஐஎஸ்எஃப் அக்கா, வடக்கத்திக்காரங்க, தமிழ் தெரியாது, அதைக் கைல எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அம்மா மூஞ்சியப் பாத்தாங்க, கைக்கடிகாரத்தப் பாத்தாங்க, டைம் இருக்கு, கவுன்ட்டர்ல குடுத்து லக்கேஜா அனுப்புங்கன்னு சைகையும் இந்தியுமா சொன்னாங்க. ஓடிப் போயி கவுன்ட்டர்ல கேட்டேன், ஒரு துணிப்பைல போட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடியே போனது இதுக்குத்தான் ஆச்சு. திரும்பி வந்து திரைக்குள்ள அம்மா கூட நின்னேன், அந்த அக்கா தடவிப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அம்மாவோட உள்ளங்கையத் திருப்பி அந்த விரல் நுனியத் தொட்டுப் பாத்தாங்க. "சமுந்தர்?"னாங்க. நான் தலையாட்டுனேன். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியல, ஆனா சிரிச்சாங்க.

ஒரே ஒரு விஷயம் இன்னும், தம்பி அம்மாவோட போர்டிங் பாஸ போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான், சந்தோஷத்துலதான். உடனே போன் பண்ணி எடுக்கச் சொன்னேன். அதுல பேரும் பிஎன்ஆரும் இருக்கு, அது ரெண்டும் இருந்தா டிக்கெட் விவரத்துக்குள்ள யாரும் நுழையலாம். ஆஸ்திரேலியாவோட முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020ல போர்டிங் பாஸ் படத்தைப் போட்டு, அதை வச்சு ஒருத்தர் அவரோட பாஸ்போர்ட் நம்பர் வரைக்கும் எடுத்துட்டாரு, நல்ல மனுஷன், எடுத்துட்டு அதிகாரிங்களுக்குச் சொல்லிட்டாரு. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க.

அம்மா ரெண்டரை மாசம் மும்பைல இருந்தாங்க. பேத்தியக் குளிப்பாட்டுறது, மருந்து அரைக்கிறது, தங்கச்சிக்குப் பத்தியச் சமையல்னு இருந்ததுல கடல் தண்ணியே படல, பாறையும் படல. ஊருக்கு வந்த வாரம் தம்பி ஊர்ல இல்லன்னு நானும் அம்மாவும் ரேஷனுக்குப் போனோம், நான் பை பிடிச்சிருந்தேன், அம்மா பழக்கத்துல விரலை வச்சுட்டாங்க, பச்சை லைட்டு எரிஞ்சிருச்சு. கடைல இருந்தவரே நிமிந்து பாத்தாரு. அம்மா விரலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க, நானும் பாத்தேன், மெல்லிசா, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி கோடு கோடா வளந்திருக்கு.

அடுத்த அமாவாசைக்கு அம்மா விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாசிக்கு இறங்கிட்டாங்க. போன மாசத்துலருந்து மறுபடி நான்தான் ரேகை வைக்கிறேன்.