மூன்று பேருடைய டிகிரி ஆடிட்

"கோச் போயிடுவார்னு உங்களுக்குத் தோணுதா, மிஸ்?" என்று அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் கூடைப்பந்து வீரன் ஒருவன் கேட்டான். "எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கோச் மாறப்போகிற சேதி வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஆலோசகருக்குக் கடைசியில்தான் வரும். ஏஜென்டுக்குத் தெரியும், நன்கொடையாளர்களுக்குத் தெரியும், பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்குப் போனில் நோட்டிஃபிகேஷன் வரும், அவ்வளவுதான். அதனால் அந்தப் பதிலை யார் முன்னாலும் நின்று நியாயப்படுத்த முடியும். நியாயப்படுத்தியும் பார்த்திருக்கிறேன், பல தடவை, பெரும்பாலும் கார் ஓட்டும்போது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் ஒன்று இருக்கிறதே.

2024 மார்ச். கான்ஃபரன்ஸ் போட்டியிலேயே தோற்று எங்கள் சீசன் முடிந்திருந்தது. அந்த ஞாயிறு மாலை அசிஸ்டன்ட் கோச் ஒருவரிடமிருந்து மெசேஜ். மூன்று பேருடைய டிகிரி ஆடிட் வேண்டும், அப்படியே அவர்கள் எடுத்த பாடங்களின் பாட விளக்கமும் இருந்தால் நல்லது, நாளைக் காலைக்குள் கிடைக்குமா?

பட்டத்துக்கு இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டும் டிகிரி ஆடிட்டைக் கேட்பது வழக்கம்தான். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால், இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. இல்லாவிட்டால் ஆட முடியாது. அதனால் சீசன் முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கோச்சுகள் பார்ப்பார்கள். பாட விளக்கத்தை மட்டும் அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பாடத்தை எங்களுக்கே யாரும் விளக்கத் தேவையில்லையே. அந்தத் தாள் இன்னொரு கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் பயன்படும். உங்கள் ஊர் 'சமூகவியல் 210' எங்கள் ஊரில் எந்தப் பாடத்துக்குச் சமம், பட்டத்துக்குள் சேருமா, சும்மா தொங்குகிற கிரெடிட்டா என்று அவர்கள் முடிவு செய்வதே அதை வைத்துத்தான். 87 கிரெடிட் வைத்திருக்கிற பையனுக்கு அங்கே 65 மட்டும் பட்டத்துக்குள் சேர்ந்தால், 60 சதவீதமான 72 வராது. பெஞ்சில் உட்காரவும் லாயக்கில்லாமல் போய்விடுவான்.

அனுப்பிவிட்டேன். அனுப்பும்போதே புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். யாரோ எங்கேயோ போகப்போகிறார்கள், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு.

அந்த மூன்று பேரில் இவன் இல்லை.

அந்த வாரமே என் அறைக்கு வந்தான். அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய வேண்டும், பதிவைத் தடுத்து வைத்திருக்கும் ஹோல்டை எடுத்துவிடச் சொல்லி. முட்டியில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தான். என் மேஜைக்கு அடியில் அவன் கால் நுழையாது. ஒரு காலை நீட்டி, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். ஐஸ் உருகி கார்ப்பெட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த புள்ளியியல் பாடத்தை இந்தத் தடவை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல, கோடையில் ஆன்லைனில் எடுக்கிறேன் என்று அவன் பேரம் பேச, அப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில்தான் சொன்னான். இன்னொரு கல்லூரி தன்மேல் ஆர்வமாக இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் மூலம் காதில் விழுந்ததாம். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பேர் கொடுக்கும் போர்ட்டலில் பேர் வந்ததும் கூப்பிடுவார்களாம், ஆனால் சீக்கிரம் வர வேண்டுமாம். "ஆனா கோச் இங்கதான் இருக்கேன்னு என்கிட்ட நேரா சொன்னாரு. அவர் இருந்தா நானும் இருக்கேன்."

அப்புறம்தான் அந்தக் கேள்வி, என் பதில். "உன் பாடத்தைப் பத்திக் கேளு, சொல்றேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். "சரி மிஸ்" என்று சிரித்தான். ஹோல்டை எடுத்துவிட்டேன்.

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? மற்ற மூன்று பேருடைய ஆவணத்தைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. மாணவர் ஆவணங்களின் ரகசியத்தைக் காக்க 1974இல் வந்த ஃபெர்பா சட்டம் என் வேலைக்கு அடித்தளம். யாருடைய ஆடிட் கேட்கப்பட்டது என்பதை இன்னொரு மாணவனிடம் சொன்னால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்குப் போயிருக்கலாமே என்று ஒரு தோழி கேட்டாள். போய் என்ன சொல்வது, ஒருவர் பாட விளக்கம் கேட்டார் என்றா? தங்கள் அணி மாணவர்களைப் பற்றிக் கேட்கக் கோச்சுகளுக்கு உரிமை இருக்கிறது.

அதே சமயம், ஒருத்தர் பேரையும் சொல்லாமல் "கோச்சை நம்பி முடிவு பண்ணாதே" என்று சொல்லியிருக்கலாம்தான். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. எந்த வருடமும், எந்தப் பையனிடமும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. அன்றைக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தால், ஒரு விஷயம் உள்ளே தெரிந்திருக்கும்போது பொதுவான அறிவுரைகூடக் குறிப்புக் கொடுப்பது போல ஆகிவிடும் என்று பயந்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் போகாமல் இருந்தால் எனக்கும் நல்லது என்பதையும் சொல்லியாக வேண்டும். படிப்பைச் சரியாக முடிக்காமல் ஒருவன் வெளியேறினால் அணியின் படிப்பு முன்னேற்றத்தை அளக்கும் ஏ.பி.ஆர். மதிப்பெண் இறங்கும், 930க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் ஆட முடியாது. அந்த மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் மேலதிகாரி வருடா வருடம் என்னோடு பேசுவார். அன்றைக்கு அந்த எண் மனதில் ஓடவில்லை என்று நம்புகிறேன்.

அந்த வசந்தத்தில் நாடு முழுக்க நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எங்கள் கதை சின்னக் கதைதான். டல்லஸில் எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகம் தன் ஹெட் கோச் ராப் லானியரை நீக்கியது. அந்த இடத்துக்கு யூ.எஸ்.சி.யிலிருந்து ஆண்டி என்ஃபீல்டு போனார். யூ.எஸ்.சி.க்கு ஆர்கன்சாவிலிருந்து எரிக் மஸல்மேன் வந்தார். ஆர்கன்சாவுக்கு, யாரும் எதிர்பார்க்காதபடி, கென்டக்கியில் 15 வருடம் இருந்த ஜான் கலிபாரி போனார். அவர் அணி சில வாரம் முன்னால்தான் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் ஓக்லாண்டிடம் 80-76 என்று தோற்றிருந்தது. கென்டக்கிக்கு பி.ஒய்.யூ.விலிருந்து மார்க் போப். பி.ஒய்.யூ.வுக்கு என்.பி.ஏ.வில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் அசிஸ்டன்ட் கோச்சாக இருந்த கெவின் யங். எல்லாம் ஒரு மாதத்துக்குள். ஒவ்வொருவர் நகரும்போதும் பின்னால் ஒரு டஜன் பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கென்டக்கியிலிருந்து டி.ஜே. வாக்னர், அடூ தியெரோ எல்லாம் கலிபாரியோடே ஆர்கன்சாவுக்குப் போனார்கள். பெரிய இடங்களில் இப்படி ஆடினால் எங்களைப் போன்ற இடங்களிலும் ஆடும். ஏப்ரலில் எங்கள் ஹெட் கோச்சும் போனார்.

அணிக் கூட்டத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டாராம். ஒருவன் உள்ளே நுழைவதற்குள்ளேயே போனில் படித்துவிட்டானாம். மூன்று பேரும் போர்ட்டலில் பேர் கொடுத்தார்கள், கோச் போன இடத்துக்கே போனார்கள். என் ஆடிட்கள் பயன்பட்டிருக்கும்.

இவனுக்கும் போர்ட்டல் திறந்துதான் இருந்தது. அந்த வருடம் மார்ச் 18 முதல் மே 1 வரை 45 நாள். கோச் போனால் கூடுதலாக 30 நாளும் அப்போது இருந்தது. விதிப்படி ஒரு கதவும் மூடவில்லை. அவன்மேல் ஆர்வமாக இருந்த கல்லூரி மட்டும் அதற்குள் அவன் ஆடும் கார்டு இடத்துக்கு வேறு ஒரு வீரனை எடுத்துவிட்டிருந்தது. கேட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது, அப்போது அவர்களுக்கு இருந்ததே 13 ஸ்காலர்ஷிப்.

திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைச் சொல்லப் போய், "அப்போ டி.சி.க்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். டி.சி. கேட்டால் மீதிக் கட்டணம் முழுவதையும் கட்டு என்று கல்லூரி நிற்க, அப்பா நடையாய் நடந்த வீடு எங்களுடையது. இங்கே பையன் எழுதிக் கொடுத்த இரண்டு வேலை நாளுக்குள் பேரைப் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2018 அக்டோபரில் போர்ட்டல் வருவதற்கு முன்னால் கல்லூரி அனுமதி தராமல் இழுக்க முடியும். 2021 வரை, பொதுவாக மாறிப்போகிற பையன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். கோச் மட்டும் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. அந்த அநியாயம் போனது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த ஏப்ரலிலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்புத் தகுதி இருந்தால் போதும் என்றும் ஆக்கிவிட்டார்கள். என் தாள்தான் இப்போது பயணச்சீட்டு. முன்பு அதை யாரும் சீண்டியதே இல்லை.

அவன் இங்கேயே இருந்தான். புதிய கோச் தன் பழைய அணியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார், அதுவும் இயல்புதான். முந்தைய சீசனில் பெரும்பாலும் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இறங்கியவன், கடைசி வருடத்தில் ஆட்டம் முடிவான பிறகு இறங்கினான். புள்ளியியலில் பி வாங்கினான். 2025 மே மாதம் பட்டம் வாங்கினான்.

பட்டமளிப்பு அன்றைக்கு அவனுடைய அம்மா என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "எல்லாரும் போனப்போ நீங்கதான் அவனைப் பிடிச்சு நிறுத்தினீங்க. அவன் சொன்னான். எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி." அவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். நான் என்ன சொன்னேன்? "அவனே உழைச்சான்" என்றேன், அதுவும் உண்மைதான். நான் யாரையும் பிடித்து நிறுத்தவில்லை என்று அந்த இடத்தில், அந்தப் பூங்கொத்தோடு, எப்படிச் சொல்வது? இல்லை, ஒருவிதத்தில் நிறுத்தித்தான் இருக்கிறேனோ என்னவோ. நான் வாயைத் திறந்திருந்தால் அவன் போயிருப்பான். போயிருந்தால் கிரெடிட் இழந்திருக்கலாம், பட்டம் தள்ளிப்போயிருக்கலாம். அல்லது அங்கே முப்பது நிமிடம் ஆடி, வீரர்கள் தங்கள் பேரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து வாங்கும் என்.ஐ.எல். பணத்தில் அம்மாவின் கடனை அடைத்திருக்கலாம். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தேன், விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

போதாக்குறைக்கு அந்த அசிஸ்டன்ட் கோச்சை ஒரு மாநாட்டில் பார்த்தேன். தயங்கித் தயங்கி அந்த மெசேஜைப் பற்றிக் கேட்டேன். ஹெட் கோச்சுக்கு அப்போது எதுவும் முடிவாகவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது, தான்தான் எதற்கும் தயாராக இருப்போம் என்று வாங்கி வைத்ததாகச் சொன்னார். அப்படியானால் கோச் அந்தப் பையனிடம் சொன்னது அன்றைய தேதிக்கு உண்மை, நான் ஊகித்தது தப்பு. பாதி நம்பினேன். மீதிப் பாதியை நம்பாததற்கு எனக்குக் காரணம் எதுவும் இல்லை, அவர் காபி வாங்கிக் கொடுத்தார் என்பதைத் தவிர.

கோச் போன அந்த ஏப்ரலுக்குப் பிறகு எல்லாப் பையன்களிடமும் முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தேன். கோச் போவார், கோச்சை வைத்துத் திட்டம் போடாதே. 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கோச் டோனி பென்னட் ஓய்வு அறிவித்தபோது அதையே உதாரணமாகக் காட்டினேன். 2019இல் சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர், சில மாதம் முன்னால்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தவர், இந்தச் சூழலுக்குத் தான் சரியான ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதரே அப்படி என்றால்? பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவன் ரொம்பவே கேட்டுக்கொண்டு, இங்கே நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன், அடுத்த வசந்தத்தில் போர்ட்டலில் பேர் கொடுத்துப் போனான். போன இடத்தில் அவனுடைய கிரெடிட்டில் இருபதுக்கும் மேல் பட்டத்துக்குள் சேராமல் போய்விட்டது. எங்கள் புதிய கோச்சோ போகவே இல்லை, இன்னும் இங்கேதான் இருக்கிறார். "என் அணிக்கு வெளியே போகச் சொல்லிக்கொடுக்கிறது யார்?" என்று என் மேலதிகாரியிடம் கேட்டாராம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது அறிவுரையை நிறுத்திவிட்டேன். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே, முதல் வருடத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை, வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்துகொடுக்கலாம் என்று வந்துவிட்டது. அவரவருக்கு ஏஜென்ட் இருக்கிறார், புள்ளியியல் பாடத்துக்காக ஒருவனைப் பிடித்து நிறுத்த நான் யார் என்ற எண்ணமும் வருகிறது. ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் பிறந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, அணியில் இருக்கும் அத்தனை பேருடைய டிகிரி ஆடிட்டையும் பாட விளக்கங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எல்லாக் கோச்சுகளுக்கும் அனுப்பிவிடுகிறேன். யாருக்கு யாருடையது வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப வசதியாக இருக்கிறது என்று அசிஸ்டன்ட் கோச்சுகள் நன்றி சொல்கிறார்கள். மற்ற அணிகளுக்கும் இதையே நடைமுறையாக்கலாம் என்று மேலதிகாரி போன மாதம் என்னை ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். இதை எதற்காக ஆரம்பித்தேன் என்று அதில் ஒரு பத்தி வேண்டுமாம். நேரம் மிச்சமாகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.