கனெக்டருக்கு என்ன தெரியும் என்பதை உலாவியில் பார்ப்பது

மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் இருந்துகொண்டு, பிற நாட்டு நிறுவனங்களின் எஸ்ஏபி (கணக்கு, கொள்முதல், சரக்கு ஆகியவற்றை நடத்தும் நிறுவன மென்பொருள்) அமைப்புகளை மற்ற மென்பொருள்களோடு இணைத்துத் தருவது என் தொழில். சர்வர் பிரான்சிலும், அதைப் பராமரிப்பவர்கள் சென்னையிலும், கணக்கைச் சரிபார்ப்பவர்கள் இங்கே தலைநகர் போர்ட் லூயியிலும் இருப்பார்கள். குளிர்காலத்தில் பாரிஸில் காலை 9 மணி ஆகும்போது இங்கே நண்பகல் 12, சென்னையில் பிற்பகல் 1.30. இந்த நிலையில் ஒரு புலத்துக்கு, அதாவது பதிவில் ஒரு தகவலை வைக்கும் இடத்துக்கு, எத்தனை எழுத்து என்று மின்னஞ்சலில் கேட்டால், விடை வருவதற்குள் ஒரு வேலைநாள் கழிந்துவிடும். இத்தகைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அமைப்பே விடை வைத்திருக்கிறது என்பதையும், அதை உலாவியிலேயே வாசித்துவிடலாம் என்பதையும், வாசிக்கும்போது எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு அமைப்புகளை இணைக்கும் மென்பொருளான எந்த கனெக்டரும் மறுமுனையில் உள்ள அமைப்பைப் பற்றி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. எந்த ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்) அழைக்கலாம், அதற்கு என்னென்ன அளவுருக்கள், ஒவ்வொரு புலத்தின் வகையும் நீளமும் என்ன என்பவை அதில் இருக்கும். அதைத்தான் மெட்டாடேட்டா களஞ்சியம் என்கிறோம். எஸ்ஏபியின் பழைய இணைப்பு மென்பொருளான பிசினஸ் கனெக்டர் காலத்திலேயே, 5555 என்ற போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் வெளியிலிருந்து அழைக்கக்கூடிய ஓர் ஆர்எஃப்சி ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்து அதன் அமைப்பைப் பார்க்க முடிந்தது. இப்போது நான் தொடும் இணைப்புகளில் பெரும்பகுதி ஓடேட்டா (இணைய முகவரி வழியாகத் தரவைப் பரிமாறும் பொதுவான முறை) சேவைகள் என்பதால் வேலை இன்னும் எளிது. சேவையின் முகவரிக்குப் பின்னால் டாலர் குறியோடு மெட்டாடேட்டா ($metadata) என்று சேர்த்துத் தட்டினால், முழு விவரமும் எக்ஸ்எம்எல் வடிவில் வந்து நிற்கும். முகவரிப் பட்டையிலிருந்து போவது வெறும் கெட் வேண்டுகோள்தான். விவரத்தைக் கேட்பதோடு அது நின்றுவிடும், எந்தப் பதிவும் மாறாது.

மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கினால் விரைவில் சலித்துவிடும். நான் பெரும்பாலும் கோப்பின் கடைசிப் பகுதியில் இருக்கும் என்டிட்டி கன்டெய்னர் என்ற பட்டியலிலிருந்து தொடங்குகிறேன். உண்மையில் அழைக்கக்கூடியவை எவை என்பது அங்கேதான் தெரிகிறது. அங்கே ஒரு என்டிட்டி செட்டை (ஒரே வகைப் பதிவுகளின் தொகுப்பு) தேர்ந்துகொண்டு, அதன் வகையை மேலே தேடி, முதலில் கீ (பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் புலம்), பிறகு புலங்கள், பிறகு நேவிகேஷன் (மற்றப் பதிவுகளோடு உள்ள தொடர்பு) என்று போவேன். இந்த வாசிப்பில் புதியவர்கள் அடிக்கடி இடறுகிற இடம் ஒன்று உண்டு. ஓடேட்டா இரண்டாம் பதிப்பில் எஸ்ஏபி தன் பங்குக்குச் சேர்க்கும் கிரியேட்டபிள் (உருவாக்கலாம்), அப்டேட்டபிள் (மாற்றலாம்), ஃபில்டரபிள் (வடிகட்டலாம்), சார்ட்டபிள் (வரிசைப்படுத்தலாம்) போன்ற குறிப்புகள் எழுதப்படாமல் இருந்தால் அவற்றின் மதிப்பு ‘ஆம்’ என்றே கொள்ளப்படும். ஆகவே ஒரு புலத்தின் அருகே எதுவும் இல்லாதது தடை ஆகாது. நான்காம் பதிப்பில் இந்தக் குறிப்புகள் வொக்காபுலரி எனப்படும் பொதுவான சொற்பட்டியல் வழியாக வேறு வடிவில் வருகின்றன. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

இந்தத் தீவிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டு வகைப் புலங்களைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது பணம். போர்ட் லூயியிலிருந்து கொமொரோஸுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு வணிகருக்கு விலைப்பட்டியல் கொமொரோஸ் பிராங்கில் வரலாம். அந்த நாணயத்துக்குத் தசமப் பகுதி கிடையாது, நம் மொரீஷியஸ் ரூபாய்க்கு இரண்டு இலக்கம் உண்டு. எஸ்ஏபியின் அட்டவணைகளில் தொகைப் புலங்கள் வழக்கமாக இரண்டு தசம இலக்கத்தோடு சேமிக்கப்படுகின்றன; ஒரு நாணயத்துக்குத் தசமம் இல்லை என்பது நாணயங்களின் தசம இலக்கங்களைக் குறிக்கும் டிகர்எக்ஸ் (TCURX) அட்டவணையில் பதிவாகியிருந்தால், 5,000 பிராங்க் என்பது உள்ளே 50.00 ஆகவே கிடக்கும். நாணயக் குறியீட்டைப் பார்க்காமல் தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளும் கனெக்டர் நூறில் ஒரு பங்கைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். மெட்டாடேட்டாவில் தொகைப் புலத்தின் மீது யூனிட் என்ற குறிப்பு இருந்து, அது நாணயக் குறியீட்டுப் புலத்தைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், மின்னஞ்சல் எழுத வேண்டிய தருணம் அதுதான்.

இரண்டாவது தேதி. இரண்டாம் பதிப்பில் டேட்டைம் என்ற வகைக்கு நேர மண்டலம் கிடையாது. டேட்டைம்ஆஃப்செட் வகைக்கு உண்டு. நாம் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஜூலை 1 நள்ளிரவு என்று நாம் அனுப்பும் பதிவுத் தேதி, ஆஃப்செட் வகைப் புலத்தில் ஜூன் 30 இரவு 8 மணியாக நிற்கும். ஜூன் இறுதியில் நிதியாண்டை முடிக்கும் நிறுவனத்துக்கு அது சென்ற ஆண்டின் கணக்கு. டேட்டைம் புலத்தின் மீது டிஸ்ப்ளே ஃபார்மேட் என்ற குறிப்பில் ‘டேட்’ என்று இருந்தால், அது வெறும் நாள் மட்டும் என்று நிம்மதி கொள்ளலாம்.

இவ்வளவும் வாசித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: திரையில் இருப்பது யாருடைய நகல்? ஓடேட்டா சேவைகளை வெளியே தரும் எஸ்ஏபி கேட்வேயில் தரவு இருக்கும் பின்முனைக்கு ஒரு கேச் (தற்காலிக நகல்), வேண்டுகோளை வாங்கும் முன்முனை ஹப்புக்கு ஒரு கேச் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டையும் துடைப்பதற்குத் தனித்தனி டிரான்சாக்ஷன்கள் (எஸ்ஏபி கட்டளைகள்) உண்டு. அவற்றுக்கு மேல் உலாவி தன் நகலை வைத்திருக்கும், கனெக்டர் தன் நகலை வைத்திருக்கும். ஜாவா நிரல்களுக்கான எஸ்ஏபி கனெக்டரான ஜேகோ (JCo) ஒரு ஃபங்ஷனின் விவரத்தை முதல்முறை கேட்கும்போது வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். களஞ்சியத்தைத் துடைக்கும்வரையோ செயலியை நிறுத்தி மீண்டும் தொடங்கும்வரையோ அது மாறாது. எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசியில் 18 எழுத்தாக இருந்த மெட்டீரியல் எண்ணை (பொருளின் அடையாள எண்) புதிய பதிப்பான எஸ்/4ஹானா 40 எழுத்துவரை நீட்ட அனுமதிக்கிறது. சர்வர் மாறிய பிறகும் இடையில் உள்ள ஏதாவதொரு நகல் 18 என்றே சொல்லிக்கொண்டிருந்தால், உலாவியில் 40 தெரியும், கனெக்டர் மட்டும் பிழை காட்டும். இரண்டும் தத்தம் நகலைத்தான் சொல்கின்றன. ஆகவே உலாவியின் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் கேச்சை முடக்கும் பெட்டியைத் தேர்ந்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்பது என் முதல் வேலை. அப்போதும் கனெக்டர் வேறு சொன்னால், கனெக்டரின் களஞ்சியத்தைத் துடைக்கச் சொல்வேன். ஜேகோவில் களஞ்சியத்துக்கென்றே தனிப் பயனரை அமைக்க முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பயனருக்கு அனுமதி போதாவிட்டால் விவரம் வந்து சேராது, பிழையின் வாசகமோ நம்மை வேறு திசையில் தேட வைக்கும்.

எக்ஸ்எம்எல்லை வரைபடமாக்கிக் காட்டும் உலாவிக் கருவிகளும் இருக்கின்றன. நேவிகேஷன் உறவுகள் சிக்கலாக இருக்கும் சேவைக்கு அவை மிகவும் உதவும். ஆனால் இணையத்தில் இயங்கும் கருவியில் வாடிக்கையாளரின் கோப்பை ஏற்றுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். புலங்களின் பெயர்கள் மட்டுமே இருப்பதால் மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தனிநபர் தகவலாக அது பெரும்பாலும் ஆகாது. ஆயினும் ஒரு நிறுவனம் தனக்கென்று சேர்த்துக்கொண்ட, இசட் (Z) எழுத்தில் தொடங்கும் புலங்களைப் பார்த்தே அதன் வணிகம் எப்படி நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். பழகிப் பார்க்க விரும்புவோருக்கு நார்த்விண்ட் என்ற பொதுவான மாதிரிச் சேவை இருக்கிறது. அன்றாட வேலைக்குச் சோதனை அமைப்பின் கோப்பையும் உற்பத்தி அமைப்பின் கோப்பையும் சேமித்து அருகருகே ஒப்பிடுவதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. வேறுபட்ட வரிகள் தாமாகவே தெரிந்துவிடும்.

யாருக்கு எந்த அனுமதி, எந்தப் புலத்தை நிரப்பாவிட்டால் பதிவு திரும்பி வரும், எந்த நிறுவனக் குறியீட்டுக்கு எந்த விதி என்பவை இந்தக் கோப்பில் கிடைக்காது. நல்லபிள் (வெறுமையாக விடலாம்) என்ற குறிப்பு ‘இல்லை’ என்று இருந்தால் கட்டாயப் புலம் என்று ஊகிக்கலாம். அந்தக் குறிப்பே இல்லாததால் விருப்பப் புலம் என்று ஊகிக்கக் கூடாது. இவற்றை மட்டும் பாரிஸுக்கும் சென்னைக்கும் எழுதிக் கேட்கிறேன், மெட்டாடேட்டாவின் அந்த வரியை மின்னஞ்சலில் அப்படியே ஒட்டி, எந்த அமைப்பில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்போடு.