உருளைக்கிழங்கு வெந்த மணி

கவாவ் தீவில் காலை ஆறு மணிக்கு நங்கூரத்தை இழுத்தபோது மகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மகள் மட்டும் மிதவை அங்கி மாட்டி, இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா, இது என்ன காத்து?"

இடது பின்பக்கமாகக் கழுத்தில் அடித்தது. தென்மேற்கு. "சோழகம்" என்றேன்.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம். கீழக்கரைக் கடற்கரையில் வாப்பா என்னை நிற்கவைத்து, நான்கு பக்கமும் திருப்பிச் சொல்லிக்கொடுத்த பெயர்கள். நியூசிலாந்தில் அந்தச் சோழகம் தென்துருவத்துப் பக்கமிருந்து வருகிறது. ஜனவரி இங்கே நடுக்கோடை, ஆனாலும் விடியலில் ஸ்வெட்டர் போடாமல் சுக்கானைப் பிடிக்க முடியாது. பெயர் பழசு, குளிர் புதுசு. அந்தப் பெயரைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

எங்களுடையது 28 அடிப் பாய்மரப் படகு, என்னைவிட மூத்தது. ஆக்லாந்திலிருந்து வடக்கே கரையோரமாக வாங்கரே முகத்துவாரம் வரை போய்த் திரும்புவதுதான் திட்டம். முதல் நாள் சுகமாகப் போனது. ரங்கிட்டோட்டோ எரிமலையைத் தாண்டி ஆறு மணி நேரத்தில் கவாவ். ஆளுநர் ஜார்ஜ் கிரே 1862இல் விலைக்கு வாங்கிய தீவு அது. அவர் கொண்டுவந்து விட்ட வாலபிகளை, அதாவது சின்னக் கங்காருகளை, தேடிப் பிள்ளைகள் ஒரு மாலை முழுவதும் அலைந்தார்கள்.

இரண்டாம் நாள் அப்படி இல்லை. ப்ரீம் விரிகுடாவின் வாயைக் கடக்கும்போது காற்று ஏறிவிட்டது. படகு ஒருபக்கமாகச் சாய, உள்ளே தட்டெல்லாம் உருண்டது. மச்சான், அதாவது என் கணவர், பாய்மரத்தடிக்குப் போய்ப் பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டினார். அந்த ஐந்து நிமிடமும் படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே நிறுத்திவைப்பது என் வேலை. கை நடுங்கியது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன். மகன் வாந்தி எடுத்துவிட்டு, சுக்கைக் கடித்துக்கொண்டு என் மடியில் கிடந்தான். கிளம்பும்போது கடலோரக் காவல் தன்னார்வலர்களிடம் ரேடியோவில் எத்தனை பேர், எங்கே போகிறோம், எப்போது சேர்வோம் என்று சொல்லியிருந்தோம். நம்மைக் கணக்கில் வைத்து ஒருவர் காத்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் பெரிய தைரியம்.

மதியம் இரண்டரைக்கு வாங்கரே முகத்துவாரத்தில் புகுந்து அர்க்கர்ட்ஸ் குடாவுக்குள் நுழைந்ததும் தண்ணீர் அடங்கியது. தேறிவிட்ட மகன் தூண்டில் போட்டு ஒரு ஸ்னாப்பர் பிடித்தான். அளந்தால் 28 சென்டிமீட்டர். 30 இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். அவனே திரும்ப விட்டான். ராத்திரிக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான்.

கிழங்கு வெந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். அதற்காகத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

1836 வாக்கில், இதே வாங்கரே பகுதியில், வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி. புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்களாம். அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் உடைய கப்பலின் மணி என்று பொருள்படும் வாசகம். இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி இங்கே வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நம்மவர்கள்தான் முதலில் வந்தார்கள் என்று இதை வைத்துச் சிலர் மார்தட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. மணி வந்தது என்றால் ஆளும் வந்தார் என்று ஆகாது. எனக்கு அந்தப் பெயர் போதும். எங்கள் ஊரில் முகைதீன் இல்லாத தெரு உண்டா? வாப்பாவின் வாப்பாவும் தோணியில் போனவர்தான். தன் கப்பல் மணியில் தன் பெயரைத் தமிழில் வார்க்கச் சொன்ன அந்த மனிதரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

"நம்ம படகுல மணி இருக்கா வாப்பா?" என்று மகன் கேட்டான். இல்லை. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு மணி கட்டாயமில்லை, ஊதல்தான் வைத்திருக்கிறோம். மகள் என் போனில் மணியின் படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துக் கூட்டினாள். பழைய எழுத்து, பாதிதான் பிடிபட்டது. கிழங்கு குழைந்தே போய்விட்டது.

மறுநாள் காலை மச்சான் பயணக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். நாள், நேரம், காற்றழுத்தம் எல்லாம் அவர் எப்போதும்போல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். காற்று என்ற கட்டத்தில் மட்டும் மகளின் கையெழுத்து: சோழகம். ழகரம் சரியாகவே விழுந்திருந்தது.