நான்காவது தடத்தை முதலில் வரையுங்கள்

ஒரு நகரத்தின் இலகு ரயிலுக்கு, அதாவது டிராம் போலப் பெரும்பாலும் தரைமட்டத்தில் ஓடும் ரயிலுக்கு, அடையாள வடிவமைப்பு செய்ய உட்கார்ந்தால், முதல் கூட்டத்தில் மேசைக்கு வருவது லோகோவும் நிறமும்தான். எந்த நீலம், எந்தப் பச்சை, சின்னத்தில் சக்கரம் வேண்டுமா வேண்டாமா என்று பேசியே நேரம் ஓடிவிடும். நான் பொதுப் போக்குவரத்துக்கான பலகைகளும் வரைபடங்களும் வடிவமைக்கிறவன். அந்த மேசையில் நான் கேட்பது வேறொன்று. இன்னும் நிதி ஒதுக்காத, யாரும் கையெழுத்துப் போடாத நான்காவது தடம் எந்த வழியாகப் போகும்? அதைக் கோடு போட்டுக் காட்டுங்கள், பென்சிலில் இருந்தாலும் போதும் என்பேன்.

முதல் தடம் திறக்கும் நாளில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு தடம், ஒரு நிறம், ஒரு பெயர். யாரும் குழம்ப வழியில்லை. இரண்டாவது தடம் வந்து முதல் தடத்தைத் தொடும்போதுதான் நாம் வைத்த பெயரும் நிறமும் தாங்குமா என்பது தெரியும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததைப் பாருங்கள். 1990-இல் அங்கே முதல் இலகு ரயில் தடம் 'ப்ளூ லைன்' என்ற பெயரில் திறந்தது. பிறகு பச்சை, தங்கம் என்று நிறங்கள் வரிசையாக வந்தன. 2012-இல் திறந்த தடத்துக்கு வரைபடத்தில் கடல்நீல நிறம் கொடுத்தார்கள். ஆனால் பெயர் என்னவோ 'எக்ஸ்போ லைன்' என்றே இருந்தது. எளிதில் பிரித்தறியக்கூடிய நிறங்கள் தீர்ந்துபோனால் இதுதான் நடக்கும். கடைசியில் 2019 முதல் தடங்களுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைக்கத் தொடங்கினார்கள். நீலத் தடம் 'ஏ' ஆனது. 2023-இல் நகர மையத்துக்கு அடியில் இணைப்புச் சுரங்கம் திறந்ததும், பழைய தங்கத் தடத்தின் வடக்குப் பகுதி அந்த 'ஏ' தடத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய பெயர்களே இருந்திருந்தால், நீலத்தில் ஏறித் தங்கத்தில் இறங்கும் ரயிலை என்னவென்று அழைப்பது?

சியாட்டிலில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டாவது தடம் வருவதற்குள் பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த தடத்தை 'ரெட் லைன்' ஆக்க 2019-இல் முடிவு செய்தார்கள். அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அவர்களுக்கு வீட்டுக்கடன் மறுத்த வரலாறு உண்டு. அந்தத் தடமோ அப்படிப்பட்ட பகுதிகள் வழியாகவே போகிறது. எதிர்ப்பு வந்ததும் பெயரைக் கைவிட்டார்கள். இப்போது அங்கே 1, 2 என்று எண்கள்தான். ஒரு நிறத்துக்கு அந்த மண்ணில் என்ன நினைவு இருக்கிறது என்பதை வண்ண அட்டை சொல்லாது. அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

அதனால் என் கட்சி எண்தான். நிறம் எண்ணுக்குத் துணையாக வரட்டும், தனியாக வேண்டாம். ஆண்களில் 8 சதவீதம் வரை ஏதோ ஒரு வகை நிறக்குருடு இருக்கிறது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பிப் பலகை வைத்தால் அவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். சரி, எண் வைத்தாயிற்று. அதே நகரத்தில் 1 என்ற எண்ணில் ஒரு பேருந்தும் ஓடினால்? இதற்குச் சிட்னியில் நல்ல வழி கண்டார்கள். ரயிலுக்கு 'டி', இலகு ரயிலுக்கு 'எல்', படகுக்கு 'எஃப்' என்று எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து. பாரிஸில் மெட்ரோவுக்கு வெறும் எண், டிராமுக்கு 'டி' சேர்ந்த எண். இதில் எத்தனை தடம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம். பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது என்பார்கள். ஆனால் 30 ஆண்டு கழித்தும் பலகையைப் பிடுங்க வேண்டியிருக்காது.

கவர்ச்சி என்றதும் மொன்பெலியே ஞாபகத்துக்கு வருகிறது. பிரான்ஸின் தெற்கில் இருக்கும் இந்த நகரத்தில் 2000-இல் ஓடத் தொடங்கிய முதல் தடத்தின் டிராம்கள் நீல நிறம், மேலே வெள்ளைத் தகைவிலான் குருவிகள். 2006-இல் வந்த இரண்டாவது தடத்தில் பூக்கள். 2012-இல் திறந்த மூன்றாவது, நான்காவது தடங்களை ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லக்ருவா அலங்கரித்தார்; மூன்றாவதில் கடல் உயிரினங்கள் நீந்துகின்றன. உலகத்தின் அழகான டிராம்கள் இவை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மக்கள் அவற்றின் மேல் காட்டும் பாசம் எந்த விளம்பரத்தாலும் வராது.

ஆனாலும் இன்னொரு நகரம் இதைப் பார்த்து எங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று கேட்டால் தயங்குவேன். தடத்துக்கு ஒரு தோற்றம் என்று முடிவு செய்த நாளிலிருந்து ஒவ்வொரு வண்டியும் அதன் தடத்தோடு கட்டுண்டுவிடுகிறது. பூ வண்டி ஒன்று பழுதாகிப் பணிமனைக்குப் போனால் அந்த இடத்தில் குருவி வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும். தோற்றத்தைப் பார்த்தே ஏறப் பழகியவர் அப்போது என்ன செய்வார்? மான்செஸ்டரில் எல்லா வண்டிக்கும் ஒரே மஞ்சளும் வெள்ளியும். எந்த வண்டியையும் எந்தத் தடத்திலும் விடலாம். எங்கே போகிறது என்பதை முகப்புப் பலகை சொல்லும். தெருவில் நடக்கிறவர்கள் நடுவே ஓடும் வண்டிக்கு, மழை மங்கலிலும் தூரத்தில் தெரியும் மஞ்சள் ஒரு பாதுகாப்பும்கூட. தடங்கள் பெருகப்போகும் நகரத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நிறுத்தங்களின் பெயர்தான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. மிக முக்கியமானதும் இதுவே என்பது என் எண்ணம். ஒரு பெயரைக் காகிதத்தில் பார்த்து ஒப்புதல் கொடுக்கக் கூடாது. நெரிசலான வண்டியில், ஒலிபெருக்கியில் பாதி கேட்டும் கேட்காமலும் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு பெயர்கள் ஒரே தடத்தில் இருந்தால் நிச்சயம் ஆள் தவறி இறங்குவார். மறுபடியும் சியாட்டிலே இதற்குச் சாட்சி. 'யுனிவர்சிட்டி ஸ்ட்ரீட்' என்று நகர மையத்தில் ஒரு நிலையம். பல்கலைக்கழகம் அங்கே இல்லை, வடக்கே இருக்கிறது. தடம் நீண்டபோது பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வேறொரு நிலையமும் வந்தது. கடைசியில் 2024-இல் பழைய நிலையத்தை 'சிம்பனி' என்று மாற்றினார்கள். ஒரு பெயரை மாற்றினால் பலகை, வரைபடம், அறிவிப்பு ஒலிப்பதிவு, செயலி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நான்காவது தடத்தின் கோடு கையில் இருந்தால் இப்படி மோதப்போகும் பெயர்களை முதல் நாளே கண்டுபிடித்துவிடலாம். வணிக நிறுவனத்தின் பெயரை நிறுத்தத்துக்கு விற்பதையும் இதே காரணத்துக்காகத்தான் நான் எதிர்க்கிறேன். ஒப்பந்தம் முடியும், நிறுவனம் மூடும், பெயர் அனாதையாக நிற்கும்.

பெயரோடு இன்னொன்றும் சேரலாம். மெக்சிகோ நகர மெட்ரோ 1969-இல் தொடங்கியபோது வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப் படக்குறி கொடுக்கும் முறையை வகுத்தார். முனை மழுங்கிய சதுரத்துக்குள் அந்த இடத்தோடு தொடர்புள்ள ஓர் உருவம். பின்னணியில் தடத்தின் நிறம். எழுத்து படிக்கத் தெரியாதவரும் வெளியூர்க்காரரும் அதைப் பார்த்து இறங்கலாம். அவர் வகுத்தது ஓர் இலக்கணம். அதனால்தான் பின்னாளில் வந்த தடங்களின் படக்குறிகளும் வேறு கைகள் வரைந்தும் அந்தக் குடும்பத்திலேயே சேர்ந்துகொண்டன. வளர இடம் விட்ட வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். டோக்கியோவில் 2004-இல் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு கொடுத்தார்கள். மொழி தெரியாதவரும் இன்னும் எத்தனை நிலையம் என்று எண்ணிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: வருங்காலத்தில் நடுவே புது நிறுத்தம் வரும் என்று தெரிந்தால் அதற்கான எண்ணை இப்போதே காலியாக விட்டு வைக்க வேண்டும்.

எழுத்துருவைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 25 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைத் தொழிலில் பழைய கணக்கு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழை அதே உயரத்தில் வைத்தால் கொம்பும் சுழியும் நெருங்கி மங்கிவிடும். சொல்லும் அகலமாக ஓடும். குறைந்த புள்ளிகள் கொண்ட எல்இடி முகப்புப் பலகையில் 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகத் தெரியும் ஆபத்து உண்டு. ஆங்கிலத்துக்குப் பலகை செய்து முடித்துவிட்டு மீதியிருக்கும் இடத்தில் இன்னொரு மொழியைத் திணிக்கும் பழக்கம் என்னைக் கோபப்படுத்துகிறது. இரண்டு மொழியில் ஓடும் ரயிலென்றால், நீளமான பெயர் எந்த மொழியில் இருக்கிறதோ அதிலிருந்துதான் பலகையின் அளவைத் தொடங்க வேண்டும்.

அப்புறம் வரைபடம். எல்லோரும் ஹாரி பெக் 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்குக் கொடுத்ததைப் போல நேர்கோடும் 45 பாகைச் சாய்வும் கேட்பார்கள். சுரங்கத்தில் அது சரி. வெளியே எதுவும் தெரியாது, வரிசை மட்டும் தெரிந்தால் போதும். சுரங்க ரயிலில்கூட இதற்கு எல்லை உண்டு என்பதை நியூயார்க் காட்டியது. 1972-இல் மாசிமோ விக்னெல்லி செய்த வரைபடத்தில் நீளமான சென்ட்ரல் பூங்கா கிட்டத்தட்டச் சதுரமாகிவிட்டது. வடிவமைப்பாளர்கள் இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1979-இல் புவியியலுக்கு நெருக்கமான வேறொன்று அதன் இடத்தைப் பிடித்தது. இலகு ரயிலில் பயணி சன்னல் வழியாக நகரத்தையே பார்த்துக்கொண்டு போகிறார். ஆறு இடப்பக்கம் வரும்போது வரைபடத்தில் அது வலப்பக்கம் இருந்தால் அவர் வரைபடத்தை நம்ப மாட்டார். ஆகவே கோடுகளை நேராக்குங்கள், ஆனால் ஆறு, பூங்கா, பெரிய சாலை இவற்றின் திசையை மட்டும் மாற்றாதீர்கள்.

வண்டியின் மூக்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பிரான்ஸின் ரான்ஸ் நகரத்தில் 2011-இல் வந்த டிராமின் முகப்பு ஷாம்பெயின் கோப்பையின் வடிவம். மார்செய்யில் கப்பலின் முன்பகுதி போல. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகப்பை முழுதாகப் பார்ப்பவர் எதிரே நிற்கிறவர் மட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. பணம் ஓரளவுதான் என்றால் சன்னலுக்குச் செலவு செய்யுங்கள். 1994-இல் ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் வந்தபோது அதன் பெரிய கண்ணாடிகளும் தாழ்ந்த தளமும்தான் பேச்சாக இருந்தன. வீல்சேரில் இருப்பவர் தெருமட்டத்திலிருந்து நேராக உள்ளே போய், நகரத்தைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்யலாம். இதைவிட நல்ல லோகோ எனக்குத் தெரியாது. போர்தோவில் 2003-இல் பழைய நகரப் பகுதிக்குள் மேல்மின்கம்பி வேண்டாமென்று தண்டவாளங்களுக்கு நடுவிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கட்டடங்களின் முகப்பு மறையாமல் நிற்கிறது. தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்ப்பதும் இதே வகைதான்.

இவையெல்லாம் பொறியாளர்கள் முடிவு செய்யும் விஷயங்கள். அடையாளம் செய்கிறவரைக் கூப்பிடும்போது பெரும்பாலும் எல்லாம் டெண்டருக்குப் போயிருக்கும். கம்பம் எங்கே நிற்கும், நிழற்கூரை எவ்வளவு நீளம், பலகைக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தீர்ந்துவிட்ட பிறகு நாங்கள் ஒட்டுவது ஸ்டிக்கர் மட்டும்தான். தண்டவாள வரைபடம் போடும்போதே எங்களையும் உட்கார வையுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல எனக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, தற்காலிக அறிவிப்புகளுக்கான மாதிரிப் படிவமும் வடிவமைப்பின் பகுதி. 'லிஃப்ட் வேலை செய்யவில்லை', 'இந்த நிறுத்தம் இன்று மூடல்' போன்றவற்றை நிறுத்தத்தில் பணியாற்றுகிறவர் தன் கையாலேயே அதே எழுத்துருவில், அதே அளவில், சாதாரண அச்சுப்பொறியில் எடுக்க வழி வேண்டும். பயணி குழம்பும் நாள் அந்த நாள்தான்; அன்றைக்குக் கையால் எழுதிய தாளை டேப் போட்டு ஒட்டும் நிலை வரக் கூடாது. இரண்டாவது, வண்டி முழுக்க விளம்பரம் சுற்ற அனுமதித்தாலும் சன்னல் கண்ணாடிக்கும் கதவுக்கும் அந்த அனுமதி கிடையாது. இதை விளம்பர ஏலம் விடுவதற்கு முன்பே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.